மீயுரையும் ஒருவழி இணைப்பும்: வலையின் தொடக்க வரலாறு

ஓர் உரையின் நடுவிலிருந்து வேறோர் உரைக்கு நேரே சென்று படிக்க வழிவைத்து எழுதப்படுவது மீயுரை. ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லை 1965-ல் அமெரிக்கரான டெட் நெல்சன் அச்சில் கொண்டுவந்தார். இன்று மீயுரை என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது உலகளாவிய வலை. ஆனால் 1990-ன் இறுதியில் வலை இயங்கத் தொடங்கியபோது மீயுரைக்கு வயது இருபதுக்கு மேல் ஆகியிருந்தது. ஆய்வுக்கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் கடையில் விற்ற மென்பொருள்களிலும் அது புழங்கியது. இணைப்பைக் கையாளும் விதத்தில் அவற்றுள் சில வலையைவிடத் திறம் மிக்கவை.

அந்த முன்னோடிகள் பலவற்றில் இணைப்பு இருவழிப்பட்டது. ஒரு கட்டுரை மற்றொன்றைச் சுட்டினால் அந்தச் செய்தி இரண்டு பக்கமும் பதிவாகும். இரண்டாவது கட்டுரையைப் படிப்பவர் அதை யார் யார் சுட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். சுட்டப்பட்டது இடம் மாறினால் அமைப்பே இணைப்பைத் திருத்திக்கொள்ளும். வலையின் இணைப்போ ஒருவழிப்பட்டது. சுட்டியது சுட்டப்பட்டவருக்குத் தெரியாது. சுட்டப்பட்ட பக்கம் மறைந்துபோனால் சுட்டியவருக்கும் தெரியாது. அன்றைய மீயுரை ஆய்வாளர்கள் பலர் இதைக் குறைபாடாகவே பார்த்தார்கள். அந்தக் குறைபாட்டுடன்தான் வலை உலகெங்கும் பரவியது. அது இல்லாமல் அவ்வளவு வேகமாகப் பரவியிருக்குமா என்பது சந்தேகம்.

மெமெக்ஸ்

தகவல்களை ஒன்றோடொன்று கோக்கும் எண்ணம் கணினிக்கு முந்தியது. பால் ஒட்லேயும் ஆன்றி லா ஃபோன்டேனும் 1895-ல் பிரசெல்ஸில் தொடங்கிய நூலடைவுத் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளாக வளர்ந்தது. ஆனால் அது நூலகரின் பகுப்பு. ஒவ்வோர் அட்டைக்கும் வகுத்துவைத்த இடம் உண்டு. வாசகர் அந்த வகுப்பு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

வகுப்பை விட்டுவிட்டு, மனம் ஒன்றிலிருந்து மற்றொன்றை நினைத்துக்கொள்ளும் போக்கையே வழியாக வைத்தால் என்ன என்று கேட்டவர் வனீவர் புஷ். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் அறிவியல் ஆராய்ச்சி மேம்பாட்டு அலுவலகத்துக்குத் தலைமை வகித்த பொறியாளர் இவர். 1945 ஜூலையில் 'தி அட்லாண்டிக்' இதழில் இவர் எழுதிய 'ஆஸ் வீ மே திங்க்' என்ற கட்டுரை மெமெக்ஸ் என்ற கற்பனைக் கருவியை விவரித்தது. அது ஒரு மேசை. அதற்குள் நூல்கள், கடிதங்கள், குறிப்புகள் எல்லாம் நுண்படச் சுருள்களாக இருக்கும். மேசைமீது சாய்ந்த திரைகளில் இரண்டு பக்கங்களை அருகருகே வரவழைத்து, ஒரு விசையை அழுத்தினால் அவை பிணைந்துவிடும்.

புஷ் கொடுத்த எடுத்துக்காட்டு வில்லைப் பற்றியது. சிலுவைப் போர்களில் துருக்கியரின் குட்டை வில் ஆங்கிலேயரின் நெடுவில்லை ஏன் விஞ்சியது என்று ஆராயும் ஒருவர், கலைக்களஞ்சியத்தில் ஒரு பதிவைக் கண்டு, வரலாற்று நூலொன்றின் பகுதியை அதோடு கோக்கிறார். பிறகு பொருள்களின் மீள்தன்மை பற்றிய பக்கங்களைச் சேர்க்கிறார். இப்படி ஒரு தடம் உருவாகிறது. சில ஆண்டுகள் கழித்து நண்பர் ஒருவருக்கு அது தேவைப்படும்போது, முழுத் தடத்தையும் படியெடுத்துக் கொடுக்கிறார். நண்பர் அதைத் தன் மெமெக்ஸில் போட்டுக்கொள்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. பிணைக்கும்போது இரண்டு பக்கங்களிலும் குறி விழுகிறது. எந்தப் பக்கத்திலிருந்தும் மற்றதற்குப் போகலாம். பிணைப்பு நிரந்தரமானது, ஏனென்றால் பிணைக்கப்பட்ட பொருள்கள் அந்த மேசைக்குள்ளேயே இருக்கின்றன. மெமெக்ஸ் கட்டப்படவே இல்லை. ஆனால் இந்த இரண்டு எதிர்பார்ப்புகளும் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மீயுரை அமைப்புகளில் திரும்பத் திரும்ப வந்தன.

எங்கல்பார்ட், நெல்சன், பிரவுன் பல்கலைக்கழகம்

அமெரிக்கக் கடற்படையில் ரேடார் தொழில்நுட்பராக இருந்த டக்ளஸ் எங்கல்பார்ட், போர் முடிந்த சமயத்தில் பிலிப்பைன்ஸில் செஞ்சிலுவைச் சங்க நூலகம் ஒன்றில் புஷ்ஷின் கருத்துகளைப் படித்தார். பின்னர் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில், மனித அறிவாற்றலைக் கருவிகளால் பெருக்குவது பற்றி 1962-ல் ஓர் அறிக்கை எழுதினார். அதிலிருந்து வளர்ந்தது என்.எல்.எஸ். என்ற கணினி அமைப்பு. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் சுமார் 1,000 பேர் முன்னிலையில் 90 நிமிடங்கள் அதை இயக்கிக் காட்டினார். சுட்டெலி, திரையில் உரைத் திருத்தம், கோப்புகளுக்கிடையே இணைப்பு, தொலைவிலிருப்பவரோடு ஒரே ஆவணத்தில் பணியாற்றுவது ஆகிய அனைத்தும் அந்த ஒரே மேடையில் வந்தன. கடையில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலைத்தான் அவர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டார்.

டெட் நெல்சன் வேறு வகை. பொறியாளர் அல்லர், தத்துவமும் சமூகவியலும் படித்தவர், எழுத்தில் நாட்டம் உள்ளவர். எழுத்தாளரின் குறிப்புகள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்துக்கொண்டே போகின்றன, தாளோ அவற்றை ஒரே வரிசையில் அடைக்கிறது என்பதுதான் அவருடைய குறை. ஹார்வர்டில் மாணவராக இருந்த 1960-லேயே அவர் தொடங்கிய திட்டம், பின்னர் கோல்ரிட்ஜின் கவிதையில் வரும் இடத்தின் பெயரால் சானடு என்று அழைக்கப்பட்டது. சானடுவில் எந்த ஆவணத்தின் எந்தப் பழைய வடிவமும் அழியாது. ஒருவர் மற்றவரை மேற்கோள் காட்டினால் அந்த வரிகள் நகலெடுக்கப்படாமல் மூலத்திலிருந்தே வந்து நிற்கும். வாசகர் அங்கிருந்து மூலத்துக்குப் போகலாம். மேற்கோள் படிக்கப்படும்போதெல்லாம் மூல ஆசிரியருக்குச் சிறு தொகை போய்ச்சேரும். இணைப்புகள் இருபுறமும் தெரியும், அறுபடாது.

நெல்சனும் கணினிப் பேராசிரியர் ஆண்ட்ரீஸ் வான் டாமும் 1967-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு சேர்ந்து ஒரு மீயுரைத் தொகுப்பியை உருவாக்கினார்கள். ஐ.பி.எம். பெருங்கணினியில் ஓடியது அது. அச்சிடுவதற்கான ஆவணத் தயாரிப்புக்கு அதில் முக்கிய இடம் கொடுக்கப்பட்டதில் நெல்சனுக்கு மனக்கசப்பு. தாளை ஒழிக்க வந்த கருவி தாளுக்கே வேலை செய்கிறது என்பது அவர் எண்ணம். வான் டாம் அடுத்து உருவாக்கிய ஃபிரெஸ் என்ற அமைப்பில் இருவழி இணைப்புகள் இருந்தன. 1970-களில் அதே பல்கலைக்கழகத்தில் கவிதை வகுப்பொன்றை அதைக் கொண்டு நடத்தினார்கள். மாணவர்கள் கவிதைகளுக்குக் குறிப்பு எழுதினார்கள், அந்தக் குறிப்புகளுக்கு மற்ற மாணவர்கள் மறுமொழி எழுதினார்கள்.

மூடிய தோட்டங்கள்

1980-களில் மீயுரை அமைப்புகள் பெருகின. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஹைப்பர்டைஸ், ஜெராக்ஸ் ஆய்வகத்தில் நோட்கார்ட்ஸ், இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கி எடின்பரோ நிறுவனம் ஒன்றால் விற்கப்பட்ட கைடு. பிரவுனில் இன்டர்மீடியா வந்தது. 1987-ல் ஆப்பிள் நிறுவனம் பில் அட்கின்சன் எழுதிய ஹைப்பர்கார்டைத் தன் மெக்கின்டாஷ் கணினிகளோடு இலவசமாகக் கொடுத்தது. நிரல் எழுதத் தெரியாத ஆசிரியர்களும் அதில் அட்டைகளை அடுக்கிப் பாடங்கள் செய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் மீயுரைக்கென்றே ஒரு மாநாடு கூடியது.

இன்டர்மீடியா இணைப்புகளை ஆவணத்துக்குள் எழுதவில்லை. தனித் தரவுத்தளத்தில் வைத்தது. இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் வெண்டி ஹால் குழுவினர் உருவாக்கிய மைக்ரோகாஸமும் அவ்வாறே. ஆவணத்தைத் தொடாமலேயே அதன்மீது இணைப்பு போடலாம் என்பது இதன் பெரிய வசதி. ஒரே ஆவணத்துக்கு மாணவருக்கு ஓர் இணைப்புத் தொகுதி, ஆசிரியருக்கு வேறொன்று என்றும் வைக்கலாம். இன்றைய வலையில் இதைச் செய்வது எளிதல்ல.

ஆனால் இவை பெரும்பாலும் ஒரே கணினிக்குள்ளோ ஒரே நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளோ அடங்கியவை. உள்ளே எல்லாம் ஒழுங்கு. வேலிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. ஹைப்பர்கார்டை ஒரு கணினிக்குள் அடைத்து யோசித்துவிட்டதாக அட்கின்சனே பின்னாளில் வருந்தியிருக்கிறார்.

செர்ன்

வலை பிறந்த இடம் மீயுரை ஆய்வுக்கூடம் அல்ல. ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் என்ற அணுத்துகள் இயற்பியல் ஆய்வகம் அது. ஆங்கிலேயரான டிம் பெர்னர்ஸ் லீ 1980-ல் அங்கே ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்தார். யார் எந்தக் கருவியில் வேலை செய்கிறார், எந்த நிரல் எதைச் சார்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள என்கொயர் என்ற நிரலைத் தனக்காக எழுதினார். அதில் இணைப்புகள் இருவழிப்பட்டவை. ஒரு பக்கத்திலிருந்து இணைத்தால் மறுபக்கத்திலும் தானாகவே எழுதப்படும்.

1984-ல் அவர் செர்னுக்குத் திரும்பிவந்தார். அங்கே பல்லாயிரம் பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளில் போய்விடுவார்கள், அவர்களோடு அவர்கள் அறிந்ததும் போய்விடும். ஒவ்வொரு குழுவும் தான் கொண்டுவந்த கணினியையும் மென்பொருளையும்தான் பயன்படுத்தும். எல்லோரையும் ஒரே அமைப்புக்குள் வரச் சொன்ன ஆவணத் திட்டங்கள் அங்கே எடுபடவில்லை. 1989 மார்ச்சில் பெர்னர்ஸ் லீ எழுதிய தகவல் மேலாண்மை முன்மொழிவு இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. அதன் முகப்பில், தெளிவில்லை ஆனால் கிளர்ச்சியூட்டுகிறது என்ற பொருளில் குறிப்பு எழுதினார் அவருடைய மேலாளர் மைக் செண்டால். முறையான ஒப்புதல் வரவில்லை. 1990-ல் செண்டால் அவருக்கு நெக்ஸ்ட் கணினி ஒன்றை வாங்க அனுமதித்தார். பெல்ஜியத்தைச் சேர்ந்த ராபர்ட் கையோ உடன் சேர்ந்தார்.

இருவழி இணைப்பைப் பெர்னர்ஸ் லீ அறியாமல் விடவில்லை. தானே அதைச் செய்து பார்த்தவர். இருவழியாக இருக்க வேண்டுமானால், ஜெனீவாவில் ஒருவர் சிகாகோ ஆவணத்தைச் சுட்டும்போது சிகாகோவிலும் ஏதோ ஒன்று எழுதப்பட வேண்டும். அதற்குச் சிகாகோவின் இசைவு வேண்டும், இரண்டு கணினிகளும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும், அல்லது இரண்டுக்கும் பொதுவாக நடுவில் ஒரு பதிவேடு வேண்டும். செர்னில் எடுபடாமல் போனதும் அந்த நடுப் பதிவேடுதான். எனவே அவர் அதைக் கைவிட்டார். முகவரி தெரிந்தால் போதும், யாரையும் கேட்காமல் எதையும் சுட்டலாம். சுட்டப்பட்டது அங்கே இல்லையென்றால் வழங்கி 404 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். இணைப்பு அறுந்துபோகலாம் என்பதை நெறிமுறையே ஒப்புக்கொண்டு, அதற்கு ஓர் எண்ணும் கொடுத்துவிட்டது.

1990 கிறிஸ்துமஸ் சமயத்தில் முதல் வழங்கியும் முதல் உலாவியும் இயங்கின. அந்த உலாவி படிப்பதற்கு மட்டுமல்ல, எழுதுவதற்கும் இணைப்பு போடுவதற்கும் உரியது. ஆனால் நெக்ஸ்ட் கணினியில் மட்டுமே ஓடும். எந்தத் திரையிலும் ஓடக்கூடிய எளிய உலாவியை, மாணவியாக வந்திருந்த நிக்கோலா பெல்லோ எழுதினார். அதில் எழுதும் வசதி இல்லை. வலையில் வாசகர் வேறு, எழுதுபவர் வேறு என்ற பிரிவு இங்கேயே தொடங்கிவிட்டது.

மீயுரைத் துறையினர் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 1990 நவம்பரில் வெர்சாயில் நடந்த மாநாட்டில் பெர்னர்ஸ் லீ, கைடு மென்பொருளை விற்ற நிறுவனத்தின் ஈயன் ரிச்சியைச் சந்தித்தார். வலைக்கு ஓர் உலாவி வேண்டும், கைடு அதற்குப் பொருத்தமானது என்றார். ரிச்சி மறுத்துவிட்டார்; இதைப் பின்னாளில் அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். 1991 டிசம்பரில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் நடந்த மீயுரை மாநாட்டுக்கு அனுப்பிய ஆய்வுக்கட்டுரை நிராகரிக்கப்பட்டது, செயல்விளக்கத்துக்கு மட்டும் இடம் கிடைத்தது. மாநாடு நடந்த விடுதியில் இணையத் தொடர்பு இல்லை. அருகிலிருந்த பல்கலைக்கழகத்தின் வழியாகத் தொலைபேசிக் கம்பியில் ஏற்பாடு செய்துகொண்டு பெர்னர்ஸ் லீயும் கையோவும் வலையைக் காட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மாநாடு கூடியபோது, காட்சிக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை வலையோடு தொடர்புடையவை.

நிராகரித்தவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் அளவுகோலில் வலை பின்தங்கியதுதான். ஆஸ்திரியாவின் கிராட்ஸில் ஹெர்மன் மௌரர் குழுவினர் அதே காலத்தில் ஹைப்பர்-ஜி என்ற அமைப்பை இணையத்திலேயே இயக்கினார்கள். இணைப்புகளைத் தரவுத்தளத்தில் வைத்து, இருவழியாகக் காட்டி, ஆவணம் நகர்ந்தால் திருத்திக்கொள்ளும் அமைப்பு அது. இணையத்தில் இருவழி இணைப்பு நடைமுறைக்கு ஒவ்வாது என்ற வாதத்துக்கு ஹைப்பர்-ஜியே மறுப்பு. ஆனால் அதன் வழங்கியை நிறுவிப் பராமரிக்க உழைப்பு வேண்டும். வலை வழங்கியையோ மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் நிறுவிவிடலாம்.

உரிமையும் ஒரு காரணம். மினசோட்டா பல்கலைக்கழகம் 1991-ல் வெளியிட்ட கோஃபர் என்ற பட்டிவழித் தகவல் அமைப்பு, தொடக்கத்தில் வலையைவிடப் பரவலாக இருந்தது. 1993 தொடக்கத்தில் அதன் வழங்கிக்குச் சில பயனர்களிடம் கட்டணம் வாங்கப்போவதாக அப்பல்கலைக்கழகம் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று செர்ன் வலையின் நிரல்களைப் பொதுவுடைமையாக அறிவித்தது. சில மாதங்களில், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மொசைக் உலாவி விண்டோஸ், மெக்கின்டாஷ் கணினிகளுக்கும் வந்துவிட்டது. எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது அது. அதிலும் எழுதும் வசதி இல்லை.

கைவிட்டதை எடுத்துக்கொண்டவர்கள்

ஒரு பக்கத்தை யார் யார் சுட்டுகிறார்கள் என்பது வலையில் எங்கும் பதிவாவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, எல்லாப் பக்கங்களையும் இறக்கிப் படித்து, அவற்றிலுள்ள இணைப்புகளைத் திருப்பி அடுக்குவது. 1996-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் லாரி பேஜ் அதைத்தான் செய்தார். திட்டத்தின் முதல் பெயர் பேக்ரப். திரும்பும் இணைப்புகளைத் தேடுவதால் வந்த பெயர். நிறையப் பேர் சுட்டும் பக்கம், அதிலும் பலரால் சுட்டப்படுபவர்கள் சுட்டும் பக்கம், முக்கியமானது என்ற கணக்கு அதிலிருந்து பிறந்தது. 1998-ல் அது கூகுள் நிறுவனமாயிற்று. மெமெக்ஸில் வாசகரின் மேசைக்குள்ளும், ஃபிரெஸ்ஸில் மாணவர்களின் திரையிலும் இருந்த ஒரு தகவல், வலையில் அதைத் திரட்டும் வசதி படைத்தவரின் சொத்தாக மாறியது. ஒருவழி இணைப்பின் விளைவுகளில் அதிகம் பேசப்படாதது இது.

சிறிய அளவில் அது மீண்டும் கிடைத்த இடம் விக்கி. வார்டு கன்னிங்காம் 1995-ல் தொடங்கிய முதல் விக்கியில் பக்கத் தலைப்பைச் சொடுக்கினால் அதைச் சுட்டும் மற்றப் பக்கங்கள் வரும். தமிழ் விக்கிப்பீடியாவில் உள்ள 'இப்பக்கத்தை இணைத்தவை' என்ற கருவி அதன் தொடர்ச்சி. ஆனால் அதுவும் விக்கியின் வேலிக்கு உள்ளே மட்டும்தான்.

அறுந்த இணைப்புகளின் கணக்கு பெரியது. 2014-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சுட்டப்பட்ட வலை முகவரிகளில் ஏறத்தாழ பாதி, முதலில் சுட்டப்பட்ட தகவலைத் தருவதில்லை என்று கண்டார்கள். தீர்ப்பு நிற்கிறது, அதற்கு ஆதாரம் காட்டிய பக்கம் இல்லை. 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் அணுக முடியாதவையாகிவிட்டன என்பது பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட கணிப்பு. புரூஸ்டர் கேல் 1996-ல் தொடங்கிய இணைய ஆவணகம் இல்லையென்றால் இழப்பு இன்னும் கூடியிருக்கும். நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று பெர்னர்ஸ் லீ 1998-ல் எழுதினார்; பக்கங்களை இடம் மாற்றும் தள நிர்வாகிகளையே அவர் குறை சொன்னார். நெறிமுறை எதையும் கட்டாயப்படுத்தாதபோது அது வேண்டுகோளாகவே நின்றது.

நெல்சன் வலையை ஏற்றுக்கொள்ளவே இல்லை. அறுபடும் இணைப்புகளையும், மூலத்துக்குத் திரும்ப முடியாத மேற்கோள்களையும் தடுக்கத்தான் சானடு திட்டமிடப்பட்டது என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 1988 முதல் 1992 வரை பணம் கொடுத்தும் சானடு மக்கள் கைக்கு வரவில்லை. எதையும் விட்டுக்கொடுக்காத திட்டம் அது. 2014-ல் வெளிவந்த ஒரு வடிவமும் சிறு செயல்விளக்கமாகவே இருந்தது.

2013-ல், வலை பொதுவுடைமையான 20-ஆம் ஆண்டில், செர்ன் தன் முதல் வலைப்பக்கத்தை அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைக்க முற்பட்டது. முதல் பக்கத்தின் முதல் வடிவம் அங்கே இல்லை. மாற்றங்கள் செய்யும்போதெல்லாம் பழையதன் மீதே எழுதிவந்ததால் அது அழிந்துபோயிருந்தது. கையிலிருந்த மிகப் பழைய படி 1992-ஐச் சேர்ந்தது. செய்தியைக் கேட்டு, வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பால் ஜோன்ஸ் தன்னிடம் 1991-ஐச் சேர்ந்த படி ஒன்று இருப்பதாகத் தெரிவித்தார். சான் அன்டோனியோ மாநாடு நடந்த அந்த ஆண்டில் பெர்னர்ஸ் லீ அமெரிக்கா வந்தபோது அவருக்குக் கொடுத்தது; அவருடைய நெக்ஸ்ட் கணினியில் அப்படியே இருந்தது.